கண்ணுக்குள் மெலனோமா: அப்பாவின் கண்ணை எடுக்கச் சொல்கிறார்கள், கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையா?

உப்புவெளிப் பெடியன் | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 61 வயது, திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் வள்ளத் தொழில். சித்திரை மாதம் ஒரு விடியற்காலை கடலால் வந்தவர், "இரவு முழுக்க வலப்பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது, மழை வரும்போல" என்றார். கூடப் போன சித்தப்பா ஒரு மின்னலையும் காணவில்லை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு வலக்கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு நிழல், சேலைத் தலைப்புத் தொங்குகிற மாதிரி என்று சொல்லத் தொடங்கினார். கண்ணாடிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். நான்கு மாதத்தில் இரண்டு தரம் கண்ணாடி மாற்றித் தந்தார்கள். ஒரு தரம்கூட மருந்து விட்டு உள்ளே பார்க்க ஒருவரிடமும் அனுப்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

ஆவணியில் ஒரு கண் வைத்திய நிபுணரைச் சனல் பண்ணிக் காட்டினோம். சொட்டு மருந்து விட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தார். "மேலே பாருங்கோ, கீழே பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த அமைதியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் தந்தார், இரவு ரயிலில் போனோம். தேசிய கண் வைத்தியசாலையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். திரையில் கட்டி காளான் மாதிரித் தெரிந்தது. உயரம் 11.4 மில்லிமீற்றர், அடிப்பக்க அகலம் 16. கோரொயிட் மெலனோமா, அதாவது கண்ணுக்குள் வருகிற ஒரு புற்றுநோய், என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். ஈரல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கண்ணை எடுப்பதுதான் சரி, இரண்டு மூன்று கிழமைக்குள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை. பெரியம்மா "கத்தி பட்டால் புற்றுநோய் உடம்பெல்லாம் ஓடிவிடும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். பக்கத்து வீட்டார் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார்கள். அப்பா ஒன்றும் பேசுவதில்லை. நேற்று மட்டும், "வாடை தொடங்கினால் எப்படியும் கடலுக்குப் போக ஏலாது, அப்போது வெட்டுவம்" என்றார். வாடைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பொறுக்கலாமா? கண்ணை எடுத்தே ஆகவேண்டுமா? யாராவது இந்த வழியால் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


உவர்மலை ஆசிரியர் | ஞாயிறு, இரவு 10.35

தம்பி, நான் போயிருக்கிறேன். 2017 இல் என் இடக்கண்ணை எடுத்தார்கள், இதே வருத்தம்தான். இன்றைக்கும் உவர்மலையிலிருந்து கடற்கரைக்கு நடந்து போய் வருகிறேன், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா வாடையைக் காரணம் சொல்கிறார் என்றால் அது பயம். நானும் "ஓ.எல். பரீட்சை முடியட்டும்" என்று ஆறு கிழமை இழுத்தேன். அந்த ஆறு கிழமைக்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பு இல்லை. விபரமாக நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கண் களைத்துவிட்டது. அப்பாவிடம் போனைக் கொடுத்து என்னோடு கதைக்கச் சொல்லுங்கள், உள்பெட்டியில் நம்பர் போடுகிறேன்.


தம்பலகாமத்தான் | திங்கள், காலை 6.15

மன்னிக்க வேண்டும், நான் மறுபக்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். என் மாமாவுக்குக் கண்ணில் இதே கட்டி. கண்ணை எடுக்கும்போது ஈரல் சுத்தம் என்றுதான் சொன்னார்கள். எடுத்து 20 மாதத்தில் ஈரல் நிறையக் கட்டி, ஐந்து மாதத்தில் போய்விட்டார். கண்ணோடு இருந்த மனுசன் கண்ணையும் கொடுத்து உயிரையும் கொடுத்தார். வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பார் என்று மாமி இன்றைக்கும் சொல்லி அழுவார். பெரியம்மா சொல்வதைப் படிக்காத சனத்தின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பார்த்த சனம் சொல்கிற கதை அது.


இரவு டியூட்டி | திங்கள், காலை 7.40

நான் ஒரு டொக்டர், ஆனால் கண் நிபுணர் இல்லை. இந்த விடயத்தை ஒரு நோயாளிக்காக ஒரு காலத்தில் தேடித் தேடி வாசித்தேன், அதனால் எழுதுகிறேன்.

தம்பலகாமத்து அண்ணா, உங்கள் மாமியின் கேள்வியை உலகத்தின் பெரிய டொக்டர்மாரே கேட்டிருக்கிறார்கள். 1978 இல் சிம்மர்மன் என்கிற அமெரிக்கக் கண் நோயியல் நிபுணரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணை எடுத்தவர்களில் இரண்டாம் மூன்றாம் வருடத்தில்தான் மரணம் உச்சத்துக்குப் போகிறது. அப்படியென்றால் கண்ணை எடுக்கிறபோது அமுங்கி, புற்றுநோய்க் கலங்கள் இரத்தத்துக்குள் தள்ளப்படுகின்றனவோ என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். கண் வைத்திய உலகமே ஆடிப்போனது. நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துவந்த ஓப்பரேஷன், அதுவே ஆளைக் கொல்கிறதா என்ற கேள்வி.

அந்தச் சந்தேகத்தை வாயால் மறுக்காமல் சோதித்துப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. கொம்ஸ் என்று சுருக்கிச் சொல்கிற பெரிய ஆய்வு 1980களின் நடுவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. நடுத்தரக் கட்டி உள்ள 1,317 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கண்ணை எடுத்தார்கள், மற்றப் பாதிக்குக் கண்ணை வைத்துக்கொண்டே கதிரியக்கத் தகடு தைத்தார்கள். கண்ணை எடுப்பதுதான் பரப்புகிறது என்றால் எடுத்தவர்கள் அதிகமாகச் சாக வேண்டும், இல்லையா? 5 வருடத்தில் இறந்தவர்கள் எடுத்த பக்கம் 19 சதவீதம், தகடு வைத்த பக்கம் 18. 12 வருடத்தில் 41, 43. வித்தியாசம் இல்லை.

பெரிய கட்டிக்காரர் 1,003 பேரில் இன்னொரு சோதனை. பாதிப் பேருக்கு நேராகக் கண்ணை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு முதலில் வெளியிலிருந்து கதிர் கொடுத்துக் கலங்களை அடக்கிவிட்டு எடுத்தார்கள். கத்தி படும்போதுதான் கலங்கள் சிதறுகின்றன என்றால் இரண்டாவது கூட்டம் தப்பியிருக்க வேண்டும். அங்கேயும் வித்தியாசம் வரவில்லை.

வைத்தியமே செய்யாமல் விட்டவர்களோடு இப்படிக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட சோதனை கிடையாது, அப்படிச் செய்ய யாருக்கும் மனம் வராது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.


தம்பலகாமத்தான் | திங்கள், காலை 8.05

சரி, கணக்கு விளங்குகிறது டொக்டர். ஆனால் ஈரல் சுத்தம் என்று ஸ்கேன் சொன்னதே? கண்ணை எடுத்த பிறகு வந்த கட்டி எங்கேயிருந்து வந்தது? இதற்கு யாரும் எங்களுக்குப் பதில் சொன்னதே இல்லை.


இரவு டியூட்டி | திங்கள், மதியம் 1.20

அண்ணா, வார்ட் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

கோரொயிட் என்பது விழித்திரைக்கு அடியில் இருக்கிற, இரத்தக் குழாய்களாலேயே பின்னப்பட்ட மாதிரியான ஒரு படை. அதற்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை. அதனால் அங்கே பிறக்கிற மெலனோமா மார்புக் கட்டி மாதிரி முதலில் கக்கத்தில் நெறி கட்டிக் காட்டிக்கொடுக்காது, இரத்தத்தோடு நேரே போகும். போனால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஈரலில்தான் இறங்குகிறது. ஒரு சில கலங்கள் ஈரலில் இறங்கி உறங்கினால் எந்த ஸ்கேனும் அதைக் காணாது. ஸ்கேனில் தெரிய அது மில்லிமீற்றர்க் கணக்கில் வளர வேண்டும், அதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் எடுக்கும். உங்கள் மாமாவுக்கு 20 மாதத்தில் ஈரல் நிறைந்தது என்றால் அந்த விதை கண் ஓப்பரேஷனுக்கு வெகு முந்தியே, கட்டியைப் பற்றி ஒருவருக்கும் தெரியாத நாளிலேயே விழுந்திருக்கத்தான் சாத்தியம் கூட. சிம்மர்மன் கண்ட அந்த இரண்டாம் மூன்றாம் வருட உச்சத்துக்கும் இப்போது பெரும்பாலானவர்கள் சொல்கிற விளக்கம் இதுதான்.

எல்லாக் கட்டியும் ஒரே குணம் இல்லை. மூன்றாம் நிறமூர்த்தச் சோடியில் (குரோமோசோம், கலத்துக்குள் பரம்பரை அலகுகளைத் தாங்குகிற இழை) ஒன்றை இழந்த கட்டிகள் பரவுகிற ஆபத்து மிகக் கூடியவை, இழக்காதவை பல நேரம் பரவாமலேயே நிற்கும். மாமாவின் கட்டி எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாமியிடம் சொல்லுங்கள், ஓப்பரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தது அவர் செய்த பிழை இல்லை.


தம்பலகாமத்தான் | திங்கள், மதியம் 1.50

வாசித்தேன். கடைசி வரியை மாமிக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். கையெழுத்து வைத்தது அவர்தான், அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.


கிண்ணியா மகள் | திங்கள், பின்னேரம் 5.30

தம்பி, எங்கள் வாப்பாவுக்குக் கண்ணை எடுக்கவில்லை, தகடு வைத்தார்கள். அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வாப்பாவின் கட்டி உயரம் 6 மில்லிமீற்றர்தான். சென்னைக்குக் கொண்டுபோனோம். சின்னக் கிண்ணி மாதிரி ஒரு தகடு, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது, உள்ளே கதிரியக்கம். ஓப்பரேஷன் தியேட்டரில் கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு வெளியே, கட்டி இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால் வைத்துத் தைத்துவிடுவார்கள். கட்டிக்குள் கத்தி போகவே போகாது. நான்கு நாள் தனி அறை, கண்ணுக்கு மேல் ஈயத் தட்டு, பேரப்பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை. நாங்கள் வாசலில் நின்றுதான் கதைத்தோம். பிறகு இன்னொரு ஓப்பரேஷனில் தகட்டை எடுத்தார்கள். தகட்டில் அயடின் 125 வைப்பதும் உண்டு, ருத்தீனியம் 106 வைப்பதும் உண்டு, ருத்தீனியத்தின் வீச்சு குறைவு என்பதால் தடித்த கட்டிகளுக்கு அது சரிவராது என்று விளங்கப்படுத்தினார்கள். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் இரண்டையும் செய்கிறது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

கண் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. முதல் வருடம் வாப்பா அந்தக் கண்ணாலேயே பத்திரிகைத் தலைப்பு வாசித்தார். இரண்டாம் வருடம் கதிர் பட்ட விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கின, கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், இப்போது கைவிரலை எண்ணுகிற அளவுதான். ஆனாலும் வாப்பாவுக்கு அது அவருடைய கண். அல்ஹம்துலில்லாஹ், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஈரல் பார்க்கிறோம், இதுவரை ஒன்றும் இல்லை.

உங்கள் அப்பாவுடையது 11க்கு மேல் என்றால் தகடு வைக்கலாமா என்று டொக்டரிடம் நேரே கேளுங்கள். எங்களுக்குச் சொன்னதன்படி அவ்வளவு உயரமான கட்டியின் நுனிக்குக் கதிர் போய்ச் சேர வேண்டுமென்றால் அடிப்பகுதி வெந்துபோகும், பிறகு கண் அழுத்தம் கூடி வலியில் அந்தக் கண்ணை எடுக்கத்தான் வரும்.


இரவு டியூட்டி | திங்கள், பின்னேரம் 6.10

கிண்ணியா அக்கா சரியாகச் சொன்னார். கொம்ஸ் ஆய்வில் நடுத்தரம் என்றால் உயரம் 10 மில்லிமீற்றருக்கு மேல் போகாத, அகலம் 16க்குள் அடங்குகிற கட்டி. அப்பாவுடையது உயரத்தால் பெரிய கட்டிக்குள் போய்விட்டது. அந்த ஆய்விலேயே நடுத்தரக் கட்டிக்குத் தகடு வைத்தவர்களில் 43 சதவீதமானோருக்கு மூன்று வருடத்தில் அந்தக் கண்ணின் பார்வை 6/60 (60 மீற்றரில் தெரிய வேண்டியது 6 மீற்றரில்தான் தெரியும்) அல்லது அதற்கும் கீழே போய்விட்டது, எட்டில் ஒருவருக்கு 5 வருடத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டியும் வந்தது.

கட்டியை மட்டும் வெட்டி எடுக்கிற ஓப்பரேஷனும் உண்டு, யாராவது கேட்பீர்கள் என்று சொல்கிறேன். கண்ணின் முன்பக்க நிற வளையத்தில் வருகிற சின்னக் கட்டியை அந்தத் துண்டோடு வெட்டி எடுத்துவிடலாம். பின்பக்கக் கட்டியை வெள்ளைப் பகுதியைத் திறந்தோ, கண்ணுக்குள் கருவி விட்டோ எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மிகக் கடினமான வேலை, சில இடங்களில்தான் செய்கிறார்கள். புரோட்டன் கதிர் இன்னொரு வழி, அதற்கும் முதலில் கண்ணில் சின்ன தந்தாலம் உலோகப் பொட்டுகளைத் தைத்து அடையாளம் வைக்க வேண்டும்.


நிலாவெளி | திங்கள், இரவு 8.00

ஒரு கேள்வி. எங்கள் நாட்டிலிருந்து எத்தனையோ நாட்டுக்குக் கண் அனுப்புகிறார்களே, இவருக்கு ஒரு கண் வைக்க முடியாதா?


ஓய்வு மிஸ்ஸி | திங்கள், இரவு 8.45

நிலாவெளித் தம்பி, நல்ல கேள்வி, வார்டில் எல்லோரும் கேட்பார்கள். ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான சங்கம் அனுப்புவது கண்ணின் முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற தோலை, கோர்னியாவை. முழுக் கண்ணையும் மாற்ற வேண்டுமென்றால் பார்வை நரம்பை மூளையோடு திரும்பப் பொருத்த வேண்டும். 2023 இல் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணை வைத்தார்கள், கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை.

நான் 31 வருடம் நேர்ஸாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கண் தியேட்டரில். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். உப்புவெளித் தம்பி, அப்பாவுக்கு அங்கே என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லாததுதான் பாதிப் பயம். அதனால் நான் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

காலையில் வெறும் வயிறு. எடுக்கப்போகிற கண்ணுக்கு மேல் நெற்றியில் பேனாவால் அம்புக்குறி போடுவார்கள், கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். தியேட்டருக்குள் போகும்வரை ஐந்தாறு பேர் "எந்தக் கண்?" என்று கேட்பார்கள். ஏன் இவர்களுக்கு நினைவில்லையா என்று கோபப்பட வேண்டாம், ஒவ்வொரு தரமும் அப்பா வாயால் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுத்த பிறகும் நான் வேலை செய்த சேர்ஜன் கண்ணுக்குள் விளக்கு அடித்துக் கட்டியைத் தானே ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைக் கேட்பார். கட்டி தெரியாமல் அவர் ஒரு நாளும் தொடங்கியதில்லை.

முதலில் கருவிழியைச் சுற்றி, வெள்ளைப் பகுதிக்கு மேல் இருக்கிற மெல்லிய தோலை வட்டமாகப் பிரிப்பார்கள். அதற்குக் கீழே கண்ணை அசைக்கிற ஆறு தசைகள். நேர்த் தசைகள் நான்கையும் ஒவ்வொன்றாகக் கொளுவி, நூல் போட்டு, கண்ணிலிருந்து வெட்டி ஒரு பக்கம் வைப்பார்கள். இந்தத் தசைகளை இழுக்கும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறைவதுண்டு. அது எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான், மயக்க டொக்டர் மொனிட்டரிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார், "விடுங்கோ" என்றால் சேர்ஜன் கையை விடுவார், துடிப்பு ஏறிவிடும். கடைசியில் வளைந்த கத்தரிக்கோலைப் பின்னால் விட்டுப் பார்வை நரம்பை முடிந்த அளவு நீளமாக வெட்டுவார்கள். மெலனோமா என்றால் கண்ணை அமுக்காமல் வேலை செய்வதில் தனிக் கவனம். அந்த நேரம் தியேட்டரில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். கண் வெளியே வந்ததும் குழிக்குள் துணி வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்போம், இரத்தம் நிற்க வேண்டும். எத்தனை தரம் என் கையால் பிடித்திருக்கிறேன்.

பிறகு 20 மில்லிமீற்றர் அளவில் ஒரு உருண்டையை உள்ளே வைப்பார்கள், தசைகளை அதற்கு மேல் தைப்பார்கள், திசுவைப் படைபடையாக மூடுவார்கள். அந்தத் தசைகள் இருப்பதால்தான் பின்னால் வைக்கிற செயற்கைக் கண் கொஞ்சம் அசையும். இமைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஓடு வைத்து, இறுக்கமாகக் கட்டுப் போட்டு வெளியே அனுப்புவோம். எல்லாமாக ஒரு மணித்தியாலம், சில நேரம் ஒன்றரை. எடுத்த கண் போத்தலில் போர்மலினில் போட்டுப் பரிசோதனைக்குப் போகும்.

வீங்கும், கறுக்கும், முதல் இரவு வலியும் சத்தியும் வரும், மருந்து இருக்கிறது. ஓடு விழுந்துவிட்டால் பயப்படாமல் கழுவி வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள், குழி சுருங்கவிடக் கூடாது. ஆறு எட்டுக் கிழமையில் செயற்கைக் கண்.


உப்புவெளிப் பெடியன் | திங்கள், இரவு 10.20

மிஸ்ஸி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தசைகளை உருண்டைக்கு மேல் தைக்கிற இடத்தில் "திரும்ப வாசி" என்றார். பிறகு வாயில் புன்னகை மாதிரி ஒன்று, "வலைக்கு மிதப்புக் கட்டுகிற மாதிரித்தான்" என்றார். இரண்டு கிழமையில் அவர் கேட்ட முதல் விடயம் இது. நாளைக்குக் காலை உவர்மலை ஐயாவைப் பார்க்க வருகிறோம்.


உவர்மலை ஆசிரியர் | செவ்வாய், மதியம் 12.10

வந்து போனார்கள். அப்பா நல்ல மனுசன், ஒரு மணித்தியாலத்தில் பத்து வசனம் பேசியிருப்பார். "எது பொய்க் கண்?" என்று கேட்டார். கண்டுபிடியுங்கள் என்றேன். சரியான கண்ணையே காட்டினார், கடல்காரன் அல்லவா, ஆனால் கொஞ்ச நேரம் எடுத்தது.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்று சிலதை எழுதுகிறேன். முதல் இரண்டு மாதம் தேநீர் ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். தூரம் பிடிபடவில்லை. பிறகு கேத்தலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொட்டு வைத்து ஊற்றப் பழகினேன், இன்றைக்கும் அப்படித்தான். படி இறங்குவது ஏறுவதை விடக் கஷ்டம், முதல் படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கலாம். இழந்த பக்கத்தால் வருகிற ஓட்டோ தெரியாது, வீதியில் தலையை முழுதாகத் திருப்ப வேண்டும். கோணேசர் கோயில் ஏற்றத்தில் மனைவி எப்போதும் என் இடப்பக்கம் நடப்பார், நாங்கள் பேசி வைத்ததில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

சில கிழமை, இல்லாத கண்ணில் ஒளிப் பொட்டுகள் தெரிந்தன. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு கிளினிக்கில் கேட்டால் நிறையப் பேருக்கு வருகிறதாம். அப்பாவுக்கு மின்னல் திரும்பவும் தெரியலாம், தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

மிஞ்சிய கண்ணுக்கு உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி எப்போதும் போட வேண்டும், பவர் தேவையோ இல்லையோ. தூண்டில் வீசுகிற இடத்தில் அது கட்டாயம்.


உப்புவெளிப் பெடியன் | ஆறு கிழமைக்குப் பிறகு, சனி காலை

இவ்வளவு நாளும் வரவில்லை, மன்னியுங்கள். உவர்மலை ஐயாவின் வீட்டிலிருந்து திரும்பி வருகிற வழியில் அப்பா பஸ்ஸுக்குள் வைத்து "வியாழக்கிழமை போவம்" என்றார். அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு டொக்டர் எழுதிய கணக்கை நான் சொல்லிக் கொடுத்தேன், முழுதும் நம்பினாரோ தெரியாது, பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு ரயிலடிக்கு வந்து வழியனுப்பினார்.

ஓப்பரேஷன் மிஸ்ஸி எழுதிய மாதிரியே நடந்தது. எந்தக் கண் என்று ஏழு பேர் கேட்டார்கள், அப்பா எண்ணியிருக்கிறார். மூன்றாம் நாள் கட்டு அவிழ்த்தபோது நான் பார்க்கத் தயங்கினேன். வீங்கிய இமை, உள்ளே சிவந்த தோல், நடுவில் அந்தத் தெளிவான ஓடு. நான் நினைத்திருந்த பயங்கரம் அங்கே இல்லை. வாயின் உள்பக்கம் மாதிரி ஈரமான தோல், அவ்வளவுதான்.

பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. கலப்புக் கல வகை, கட்டி கண்ணின் வெள்ளைப் பகுதியைத் தாண்டி வெளியே வரவில்லை, நரம்பின் வெட்டு முனை சுத்தம். டொக்டர், கலப்பு வகை என்றால் என்ன என்று சொல்ல முடியுமா? ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஈரல் ஸ்கேன் என்று தேதி போட்டுத் தந்திருக்கிறார்கள்.


இரவு டியூட்டி | சனி, மதியம்

வெளியே வரவில்லை, முனை சுத்தம், இரண்டும் நல்ல செய்தி தம்பி. கட்டியில் நூல் நூற்கிற கதிர் போல நீண்டு நுனி ஒடுங்கிய கலங்களும் உருண்டையான எபிதீலியல் மாதிரிக் கலங்களும் இருக்கலாம், 1931 இல் கலெண்டர் என்பவர் வகுத்த பிரிவு. நீண்ட கலங்கள் மட்டும் என்றால் ஆபத்துக் குறைவு, உருண்டைக் கலங்கள் கூடக் கூட ஆபத்துக் கூடும், அப்பாவுடையதில் இரண்டும் இருக்கின்றன. அதனால் ஈரல் ஸ்கேனை ஒரு தரமும் விடாதீர்கள், ஐந்து வருடம் கழிந்துவிட்டது என்றும் விடாதீர்கள். ஒலிவர் சாக்ஸ் என்கிற பிரபலமான நரம்பியல் டொக்டருக்கு 2005 இல் கண்ணில் இது வந்து, கதிர்ச் சிகிச்சை எடுத்து, ஒன்பது வருடம் கழித்துத்தான் ஈரலில் தெரிந்தது. முன்பு ஈரலுக்குப் போய்விட்டால் உருப்படியான மருந்து ஒன்றும் இருக்கவில்லை. 2022 இல் டெபென்டாஃபஸ்ப் என்கிற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், ஒரு குறிப்பிட்ட திசு வகை உள்ளவர்களுக்குத்தான் அது வேலை செய்யும், ஆயுளைக் கூட்டுகிறது என்று சோதனையில் காட்டிய முதல் மருந்து அதுதான்.


தம்பலகாமத்தான் | சனி, பின்னேரம் 4.30

தம்பி, அப்பா வீட்டுக்கு வந்தது சந்தோசம். மாமிக்கு அன்றைக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மாமாவின் கிளினிக் கொப்பியை அலுமாரியால் எடுத்து வந்து என்னிடம் தந்து, "ஈரல் ஸ்கேன் எப்போது கடைசியாக எடுத்தது, பார்" என்றார். பார்த்தேன். ஓப்பரேஷனுக்குப் பிறகு வருத்தம் முற்றும்வரை ஒன்றும் எடுக்கவில்லை, நாங்கள் கூட்டிப்போகவில்லை. எடுத்திருந்தால் தப்பியிருப்பாரோ தெரியாது. அப்பாவைத் தவறாமல் கூட்டிப்போங்கள். நான் தேதியை நினைவுபடுத்துகிறேன்.


உப்புவெளிப் பெடியன் | சனி, இரவு 9.15

அண்ணா, தேதியை உங்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

வாடை தொடங்கிவிட்டது, இன்றைக்குக் கடல் கறுத்து இரைகிறது, வள்ளங்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டார்கள். அப்பா விறாந்தையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். ஊசியைக் கண்ணிக்குள் விடும்போது இரண்டு மூன்று தரம் பிழைத்தது. பிறகு இடது பெருவிரலைக் கண்ணிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, ஊசி நகத்தில் படும்வரை விட்டு, அதற்குப் பிறகு இழுத்தார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உவர்மலை ஐயா, அடுத்த மாதம் செயற்கைக் கண்ணுக்கு அளவெடுக்கப் போகிறோம். நீங்கள் உங்களுடையதைப் பாலிஷ் பண்ணப் போகிற நாள் எது என்று சொல்லுங்கள், ஒரே ரயிலில் சீற் போடுகிறேன்.